குத்தகை பேசியபின் பூமிக்காரர் பின்வாங்கினால்: உழுகுடிக்குள்ள உரிமைகள்

தென்பெண்ணையாற்றங்கரையில் மணலூர்பேட்டையைச் சூழ்ந்துள்ள கிராமங்களிலே நிலம் ஒருவருடையதாகவும் உழவு மற்றொருவருடையதாகவும் இருத்தல் புதிய சமாசாரமன்று. பூமிக்காரர் வெளியூரில் உத்தியோகத்திலிருப்பார். அல்லது முதுமையினால் வயலில் இறங்க இயலாதவராயிருப்பார். அல்லது கணவனை இழந்து சிறு குழந்தைகளோடு நிற்கும் ஸ்திரீயாயிருப்பார். உழுபவரோ பெரும்பாலும் அடுத்த வயலுக்குடையவர், அல்லது அதே தெருவில் குடியிருப்பவர். கிணற்றடியிலோ கோயில் வாசலிலோ பேச்சு முடிந்துவிடுகிறது. வருஷத்திற்கு இத்தனை மூட்டை நெல் அல்லது இத்தனை ரூபாய். தீர்வை பூமிக்காரர் பொறுப்பு. எருவும் விதையும் உழுபவர் பொறுப்பு. இவ்வளவே. முன்பணம் கைமாறுகிறது. காகிதம் ஒன்றும் எழுதப்படுவதில்லை.

இவ்விதம் பேசிய குத்தகைகளிற் பெரும்பாலானவை யாதொரு வழக்கும் இன்றி நடந்தேறுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் சிற்சில வருஷங்களில் வேறுவிதமாக நேர்கிறது. சித்திரையில் முன்பணம் வாங்கிக்கொண்ட பூமிக்காரர், ஆடி மாதத்தில் உழவு ஓடி, எரு பரப்பி, நாற்றங்காலும் விட்டான பின்னர், ‘இவ்வருஷம் நிலம் இல்லை’ என்று சொல்லியனுப்புகிறார். வேறொருவர் அதிகத் தொகை தருவதாகச் சொல்லியிருக்கலாம். வெளியூரிலிருந்த மகன் திரும்பிவந்து தானே பயிரிட நினைக்கலாம். நிலத்தை விலைக்குக் கேட்போர் வந்திருக்கலாம். அல்லது, ‘சில வருஷம் உழுதால் நிலம் அவனுக்கே போய்விடும்’ என்று யாரேனும் அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். இத்தருணத்தில் உழுபவருக்குச் சட்டம் என்ன அளிக்கிறது, பூமிக்காரருக்கு என்ன வழி திறந்திருக்கிறது, கிராம அதிகாரி செய்யவேண்டியது யாது என்பவை இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

சட்டம் வந்த வரலாறு

முற்காலத்தில் குத்தகை என்பது முழுவதும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. தென்னார்க்காடு ஜில்லாவின் பெரும்பகுதி ரயத்துவாரி முறைக்குட்பட்டது. சர்க்காருக்கும் பட்டாதாருக்குமிடையே கணக்கு உண்டு. பட்டாதாருக்கும் அவர் நிலத்தை உழுபவருக்குமிடையே என்ன நடக்கிறது என்பதைச் சர்க்கார் கவனித்ததில்லை. 1908-ஆம் வருஷத்திய எஸ்டேட் நிலச்சட்டம் ஜமீன் கிராமங்களின் ரயத்துகளுக்குப் பாதுகாப்பளித்தபோதிலும், ரயத்துவாரிப் பட்டாதாரின் கீழ் உழுதவருக்கு அது எட்டவில்லை. வருஷம் முடிந்தால் பூமிக்காரர் விருப்பம்போல் உழுபவரை மாற்றலாம் என்பதே வழக்கமாயிருந்தது.

முதன்முதலில் நிலைமை முற்றியது தஞ்சாவூர் ஜில்லாவில். அங்கு குத்தகைதாரர்களும் பண்ணையாட்களும் திரளாக நீக்கப்பட்டு, கிராமங்களில் அமைதி கெட்டபொழுது, ராஜாஜி மந்திரிசபை 1952 ஆகஸ்டில் அந்த ஜில்லாவுக்கென்றே ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வருஷமே அது தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாயிற்று. இதன் விளைவாகப் பிற ஜில்லாக்களில் ஒரு விபரீதம் நேர்ந்தது. தங்களுக்கும் இத்தகைய சட்டம் வரப்போகிறது என்று எண்ணிய நிலச்சொந்தக்காரர் பலர், சட்டம் வருமுன்னரே குத்தகைதாரரை வெளியேற்றி நிலத்தைச் சொந்தச் சாகுபடியில் காட்டிக்கொள்ள முற்பட்டனர்.

1955-ஆம் வருஷத்தில் நிறைவேறிய பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், அதாவது அவ்வருஷத்திய 25-ஆவது சட்டம், இந்த முன்னேற்பாட்டை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. 1953 டிசம்பர் 1-ஆம் தேதியில் எவர் உழுதுகொண்டிருந்தாரோ, அவர் சட்டம் அமுலுக்கு வருமுன் நீக்கப்பட்டிருந்தாலும், சில நிபந்தனைகளுக்குட்பட்டுத் திரும்ப நிலத்தைப் பெற உரிமையுடையவர் என்று அதன் 4-ஆம் பிரிவு விதித்தது. பேசின பேச்சிலிருந்து பின்வாங்கும் பூமிக்காரருக்கு எதிராக இம்மாகாணத்தில் பொதுவாக ஏற்பட்ட முதல் பரிகாரம் இதுவேயெனலாம். அச்சட்டம், பற்பல திருத்தங்களுடன், இன்றும் அமுலில் இருக்கிறது.

பயிரிடும் குத்தகைதாரர் என்பவர் யார்?

சட்டத்தின் பாதுகாப்பு முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பிறருக்குச் சொந்தமான நிலத்தில், வெளிப்படையாகவோ குறிப்பாகவோ ஏற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தின்பேரில், தம்முடைய சரீர உழைப்பையோ தம் குடும்பத்தாருடைய சரீர உழைப்பையோ செலுத்திச் சாகுபடி செய்பவரே பயிரிடும் குத்தகைதாரர். ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் நிலத்தில் தொடர்ந்திருப்பவரும், அவர் இறந்தால் அந்நிலத்தில் தாமே உழைக்கும் வாரிசும் இதில் அடங்குவர்.

இங்குக் கவனிக்கவேண்டியவை மூன்று விஷயங்கள். முதலாவது, ‘குறிப்பாக ஏற்பட்ட’ ஒப்பந்தமும் போதும் என்பது. பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் எவரும் பாதுகாப்பை இழப்பதில்லை. பூமிக்காரர் அறிய உழுது, அவர் கையில் குத்தகை செலுத்தி வந்தால் அதுவே ஒப்பந்தத்தைக் காட்டும். இரண்டாவது, சரீர உழைப்பு. கூலியாட்களை வைத்துக்கொள்ளுதல் குற்றமன்று; நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வையாத உழவர் எவருமிலர். ஆனால் தாம் வரப்பிலேயே நின்று, வேலை முழுவதையும் பிறரைக்கொண்டு நடத்துபவர் இச்சட்டத்தின் கண்ணில் பயிரிடும் குத்தகைதாரரல்லர். பல நிலங்களை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து மற்றவருக்கு உள்குத்தகை விடும் இடைத்தரகரும் அல்லர். மூன்றாவது, வாரத்திற்கு உழுபவரும் குத்தகைதாரரே. விளைச்சலில் பங்கு என்று பேசியதனால் அவர் கூலிக்காரராகிவிடமாட்டார்.

மணலூர்பேட்டைப் பக்கத்தில் ‘போக்கியம்’ என வழங்கும் ஏற்பாட்டை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. பூமிக்காரர் ஒரு பெருந்தொகையைக் கடனாக வாங்கிக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக நிலத்தை அனுபவிக்க விடுவது அடமானமேயன்றிக் குத்தகையன்று. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கியத்தைப் பதிவுசெய்த பத்திரத்தினாலேயே ஏற்படுத்த முடியும். வெள்ளைத் தாளில் எழுதிப் போக்கியம் வாங்கிக்கொண்டு, பிறகு குத்தகைதாரர் என்று மனுப்போட்டு அலைவோர் சிலர் உளர். அவர்களுடைய கஷ்டம் பெரிது.

எந்தக் கட்டத்தில் பின்வாங்குகிறார் என்பதே முக்கியம்

முன்பணம் வாங்கியபின், நிலத்தை ஒப்படைக்கும் முன்னரே பூமிக்காரர் மறுத்தால் 1955-ஆம் வருஷத்திய சட்டம் உதவி செய்யாது. அச்சட்டம் காப்பது நிலத்தில் இறங்கி உழைப்பவரை. பேச்சில் மட்டும் நிற்பவரையன்று. ஆயினும் அவர் கைவிடப்பட்டவரல்லர். பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தரப் பூமிக்காரர் கடமைப்பட்டவர். அன்றியும், 1872-ஆம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி, வாக்கு மீறியதனால் இயல்பாக விளையும் நஷ்டத்தையும் அவர் ஈடுசெய்யவேண்டும். நிலம் கிடைக்குமென்று நம்பி வாங்கிய விதை மல்லாட்டைக்கும், அமர்த்திய டிராக்டருக்கும் ஆன செலவு இத்தகையது. நன்றாக விளைந்திருந்தால் இத்தனை லாபம் கண்டிருக்கும் என்று ஊகமாகக் கேட்பதை நியாயஸ்தலங்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் கடைச்சீட்டும் வாடகைச்சீட்டும் பத்திரமாக இருக்கவேண்டும்.

நிலத்தில் இறங்கியபின் பின்வாங்குவது முற்றிலும் வேறு நிலைமை. உழவு ஓடியிருக்கிறது, எரு பரப்பியாயிற்று, பூமிக்காரரும் அதைக் கண்டிருக்கிறார் என்றால், உழுபவர் குத்தகைதாரராகிவிட்டார். அந்தக் கணத்திலிருந்து, 3-ஆம் பிரிவில் சொல்லிய காரணங்களாலன்றி, பூமிக்காரரால் அவரை நீக்க முடியாது. ‘ஒரு வருஷத்திற்குத்தான் பேசினோம், வருஷம் முடிந்தது’ என்பது அக்காரணங்களில் ஒன்றன்று. ‘காலம் முடிந்ததும் யாதொரு ஆட்சேபணையுமின்றி ஒப்படைத்துவிடுகிறேன்’ என்று முச்சலிக்கையில் எழுதி வாங்கியிருந்தாலும் அது மாத்திரம் போதாது. பூமிக்காரர்கள் பலர் அறியாததும், அறிந்தபோது மனம் வருந்துவதும் இந்த இடத்திலேதான்.

சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் நான்கே. குத்தகையைத் தவணை வந்த ஒரு மாதத்திற்குள் செலுத்தாமலிருப்பது. நிலத்திற்கோ பயிருக்கோ கேடு விளைக்கும் செய்கை அல்லது அசட்டை. விவசாயமல்லாத காரியத்திற்கு நிலத்தை உபயோகிப்பது. வேண்டுமென்றே பூமிக்காரரின் உடைமையை மறுப்பது. ஆற்றோர நிலத்தில் மணலை வாரி விற்ற குத்தகைதாரரும், வாய்க்கால் வரப்பை உடைத்து நிலத்தைப் பாழாக்கியவரும் இரண்டாவது காரணத்தில் அகப்படுவர். நிலம் எனக்கே சொந்தம் என்று வழக்காடத் துணிந்தவர் நான்காவதில் அகப்பட்டுப் பாதுகாப்பு முழுவதையும் இழக்கக்கூடும். உரிமை மிகுந்துவிட்டது என்றெண்ணிச் சில குத்தகைதாரர் இவ்விஷயத்தில் செய்யும் தவறு, அவர்களை அழித்துவிடுகிறது.

இக்காரணங்களுள் ஒன்று உண்மையில் இருந்தாலும், பூமிக்காரர் தாமே ஆள் கூட்டிச்சென்று நிலத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடாது. ரெவின்யூ டிவிஷனல் ஆபீசரிடம் மனுச்செய்து, அவர் விசாரித்து உத்தரவிட்ட பின்னரே நீக்க முடியும். மணலூர்பேட்டைக்கு இவ்வதிகாரி திருக்கோவிலூரில் இருக்கிறார். 2019 நவம்பரில் விழுப்புரம் ஜில்லாவிலிருந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகப் பிரிந்தபின் திருக்கோவிலூர்த் தாலுகா புதிய ஜில்லாவைச் சேர்ந்ததாகிவிட்டபடியால், பழைய ஞாபகத்தில் விழுப்புரத்திற்கு மனு அனுப்புவோர் நாட்களை வீணாக்குகின்றனர். சில ஜில்லாக்களில் இதற்கென்றே தனி ரெவின்யூ கோர்ட்டுகளும் உண்டு. குத்தகை பாக்கிக்காக மனு வந்தால், இரு திறத்தாருடைய நிலைமையையும் ஆலோசித்து, பாக்கியைச் செலுத்தக் குத்தகைதாரருக்கு அவகாசம் கொடுக்கும் அதிகாரம் விசாரிப்பவருக்கு உண்டு. அந்த அவகாசத்தில் செலுத்திவிட்டால் மனு தள்ளப்படும்.

குத்தகையை வாங்க மறுத்தால்

பின்வாங்க நினைக்கும் பூமிக்காரர் பலர், நேரே ‘வெளியேறு’ என்று சொல்வதில்லை. அறுவடையானபின் நெல்லைக் கொண்டுபோனால் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். அல்லது வாங்கிக்கொண்டு ரசீது கொடாமலிருக்கிறார்கள். இரண்டு மூன்று தவணை இவ்வாறு கழிந்தபின், ‘குத்தகை பாக்கி’ என்று மனுச்செய்தால் காரியம் முடிந்துவிடும் என்பது எண்ணம். வெகு பழமையான தந்திரம் இது. இதற்கு மாற்று, 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குத்தகைதாரர் செலுத்தவேண்டிய தொகையை, அது தானியமாயின் செலுத்தும் நாளின் அங்காடி விலையைக் கணக்கிட்டு, பூமிக்காரர் கணக்கில் கோர்ட்டில் கட்டிவிடலாம். கோர்ட் பூமிக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, கட்டிய தொகை சரியானதுதானா என்று சுருக்கமாக விசாரிக்கும். குறைவாயிருந்தால் மீதியைக் கட்ட நியாயமான அவகாசம் கொடுக்கும். சரியாயிருந்தால் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் தவறும் குத்தகைதாரர்களே அதிகம். நெல் வீட்டில் அடுக்கியிருக்கிறது, கேட்டால் தருவோம் என்று வாளாவிருந்துவிடுகிறார்கள். கேட்டால் தருவோம் என்ற எண்ணம் ரசீதாகாது. பூமிக்காரர் மறுத்த நாளிலேயே மணியார்டரிலோ வங்கிக் கணக்கிலோ தொகையை அனுப்பி, அது திரும்பிவந்தால் அந்தச் சீட்டோடு கோர்ட்டில் கட்டுவதே வழி.

எவ்வளவு கட்டவேண்டும் என்ற கேள்வியும் எழும். 1956-ஆம் வருஷத்திய நியாயக் குத்தகைச் சட்டம், நன்செய் நிலத்தில் சாதாரண மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கும், நீரிறைத்துத் துணைப்பாசனம் செய்யும் நன்செயில் 35 பங்கும், மற்ற நிலங்களில் மூன்றிலொரு பங்கும் பூமிக்காரருக்கு என்று நிர்ணயித்திருந்தது. 1980-இல் இது எல்லா நிலங்களுக்கும் நூற்றுக்கு 25 பங்காகக் குறைக்கப்பட்டது. ஓர் ஏக்கரில் சாதாரணமாக 28 மூட்டை விளையும் என்று கொள்வோமாயின், பூமிக்காரர் பங்கு 7 மூட்டை. சாகுபடிச் செலவு முழுவதும் குத்தகைதாரருடையது. பேசிய குத்தகை இதைக் காட்டிலும் அதிகமென்று கருதும் குத்தகைதாரரும், குறைவென்று கருதும் பூமிக்காரரும் ரெண்ட் கோர்ட்டில் மனுச்செய்து நியாயக் குத்தகையை நிர்ணயித்துக்கொள்ளலாம். அதிகத் தொகை தருபவருக்கு நிலத்தைக் கொடுக்கிறேன் என்று பின்வாங்கும் பூமிக்காரர், அந்த அதிகத் தொகையும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

வெள்ளமோ வறட்சியோ பரவலாக வந்து பயிர் அழிந்த வருஷத்தில் குத்தகையில் வஜா கேட்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை கடந்ததை மணலூர்பேட்டையார் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வருஷத்தில் குத்தகையைச் செலுத்தாமலேயே சும்மா இருந்துவிடுவது ஒன்று. வஜாவுக்கு மனுச்செய்வது வேறொன்று. முன்னது பாக்கியாகிவிடும்.

பலவந்தமாக நீக்கப்பட்டால்

ரெவின்யூ டிவிஷனல் ஆபீசரின் உத்தரவின்றி எவ்விதத்தில் நீக்கப்பட்டாலும், நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்திற்குள் நிலத்தைத் திரும்ப ஒப்புவிக்கும்படி அவரிடமே மனுச்செய்ய, 4-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு உரிமையளிக்கிறது. இந்த இரண்டு மாதம் என்ற கெடுவைக் கிராமத்தில் அறிந்தவர் மிகச் சிலரே. பஞ்சாயத்தில் பேசிப் பார்ப்போம், பெரியவர் வந்தபின் கேட்போம் என்று தை கழிந்து மாசியும் கழிந்துவிடுகிறது. சமரசப் பேச்சு நல்லதே. மனுவைக் கொடுத்துவிட்டுச் சமரசம் பேசுவதை எவரும் தடுக்கவில்லை. ரெவின்யூ அதிகாரியின் உத்தரவில் திருப்தியில்லாதவர் ஹைகோர்ட்டில் மறுபரிசீலனைக்கு மனுச்செய்யலாம். இச்சட்டப்படி ரெவின்யூ அதிகாரி தீர்க்கவேண்டிய விஷயங்களில் சிவில் கோர்ட்டுகள் தலையிடுவதில்லை.

சரீர உழைப்பு இல்லாமையால் பயிரிடும் குத்தகைதாரராகாத ஒருவர், அனுபவத்திலிருந்து பலவந்தமாக நீக்கப்பட்டால் அவருக்கும் ஒரு வழி உண்டு. 1963-ஆம் வருஷத்திய குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திற்குள் சிவில் கோர்ட்டில் வழக்கிட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் நிலம் யாருடையது என்ற கேள்வியே வராது. அனுபவம் யாரிடம் இருந்தது, சட்ட முறைப்படி நீக்கப்பட்டாரா என்பவை மட்டுமே பார்க்கப்படும்.

விளைந்து நிற்கும் பயிரைப் பூமிக்காரர் ஆட்களை வைத்து அறுக்கவந்து, அடிதடிக்கு ஏதுவாகும் நிலை ஏற்பட்டால், நிர்வாக மாஜிஸ்திரேட்டு தலையிடலாம். முன்பு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 164-ஆம் பிரிவாக அமுலில் இருக்கிறது. இதுவும் உடைமையை ஆராய்வதன்று. உண்மை அனுபவத்தை மட்டும் ஆராய்வது. நிலம் என்பதில் பயிரும் விளைபொருளும் அடங்கும். காலவரையறை நிச்சயமில்லாத குத்தகை, குத்தகைதாரர் குற்றமின்றி முடிவுற்றால், அவர் விதைத்து நிற்கும் பயிரை அறுத்துக்கொண்டுபோக அவருக்கு உரிமையுண்டு என்பது 1882-ஆம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு கூறும் நியதி. அச்சட்டத்தின் குத்தகை அத்தியாயம் விவசாயக் குத்தகைகளுக்கு நேராகப் பொருந்துவதன்றாயினும், நியாயம் என்ற அளவில் கோர்ட்டுகள் அதைப் பின்பற்றுவதுண்டு.

நிலத்தை விற்றுவிட்டேன், இனி வாங்கியவரைக் கேள் என்று பூமிக்காரர் சொல்வதும் ஒருவகைப் பின்வாங்குதலே. வாங்கியவர் நிலத்தை எப்படி விற்றவர் வைத்திருந்தாரோ அப்படியே பெறுகிறார். உழுகுடியோடுதான் பெறுகிறார். கிரயப் பத்திரத்தில் ‘காலி அனுபவத்துடன்’ என்று எழுதியிருப்பதனால் உழுகுடி மறைந்துவிடமாட்டார். பங்குபிரித்துக்கொண்ட சகோதரர்களுக்கும் இதுவே. நிலம் வாங்கப் புறப்படுபவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், வயலுக்கு நடந்துசென்று யார் உழுகிறார் என்று ஒருதரம் பார்த்தல் நலம்.

பூமிக்காரருக்குள்ள வழி

இதுவரை சொல்லியவற்றைக் கண்டு, குத்தகைக்கு விட்டால் நிலமே போய்விடும் போலும் என்று எண்ணவேண்டாம். 1955-ஆம் வருஷத்திய சட்டம் எவருக்கும் நிலத்தின் உடைமையைக் கொடுக்கவில்லை. எத்தனை வருஷம் உழுதாலும் குத்தகைதாரர் குத்தகைதாரரே. பட்டா பூமிக்காரர் பெயரிலேயே இருக்கும். உண்மையாகவே தாம் பயிரிட நினைக்கும் பூமிக்காரருக்கு, குத்தகைக்கு விட்ட நிலத்தில் பாதிக்கு மேற்படாத அளவைச் சில நிபந்தனைகளின்பேரில் மனுச்செய்து திரும்பப் பெற 4-அ பிரிவு வழி செய்கிறது. பெருநிலமுடையோருக்கு இச்சலுகை இல்லை. சிறு பூமிக்காரருக்கென்றே ஏற்பட்டது. ராணுவ சேவையிலிருப்போருக்குத் தனி விதிகள் உண்டு. குத்தகைதாரர் தாமாகவே மனமொப்பி நிலத்தை விட்டுவிடுவதையும் சட்டம் தடுக்கவில்லை. இருவரும் ஒரு தொகையைப் பேசி முடித்துக்கொள்வது பல கிராமங்களில் நடக்கிறது. ஆனால் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிவைத்து, பிறகு அதை ராஜிநாமாவாக எழுதி நிரப்புவது விசாரணையில் நிலைப்பதில்லை. மெய்யாகவே விட்டுப்போனவர் மறுவருஷம் அந்நிலத்தில் நாற்று நடமாட்டார். அதிகாரி அதைத்தான் பார்ப்பார்.

உண்மையைச் சொல்லுமிடத்து, சட்டத்தின் கண்டிப்பும் ஒரு தீமையை விளைத்திருக்கிறது. பயந்துபோன பூமிக்காரர் பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைக்கின்றனர். அல்லது வருஷத்திற்கொருவராக உழுபவரை மாற்றுகின்றனர். அல்லது எழுத்தில் எதையும் கொடுக்க மறுக்கின்றனர். வருஷந்தோறும் மாறும் குத்தகைதாரர் நிலத்திற்கு எரு இடமாட்டார், வரப்பைச் சீர்செய்யமாட்டார். கேடு இறுதியில் நிலத்திற்கே. எழுத்தின்மையால் உழுபவருக்கோ பயிர்க்கடனும், பயிர் இன்ஷியூரன்சும், வெள்ள நிவாரணமும் எட்டாமற்போகின்றன.

பத்திரமும் பதிவும்

குத்தகை ஏற்பட்டபின் நியாயமான காலத்திற்குள், சர்வே நம்பர், விஸ்தீரணம், குத்தகைத் தொகை, தவணை இவற்றைக் கண்டு மூன்று பிரதிகளில் பத்திரம் எழுதி, இரு திறத்தாரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, மூன்றாவதைத் தாலுகா ஆபீசில் ஒப்புவிக்கவேண்டும் என்று 4-ஆ பிரிவு விதிக்கிறது. இவ்விதி ஏட்டளவில் இருக்கிறதேயன்றி, இதைப் பின்பற்றுவோர் அரியர்.

கரும்பு விஷயத்தில் மேலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் இப்பக்கத்தில், ஒரு நடவும் ஒரு மறுதாம்பும் என்று பேசுவது வழக்கம். நடவுக் கரும்பே பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும். மறுதாம்பும் சேர்ந்தால் காலம் இரண்டு வருஷத்தை எட்டும். ஒரு வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் 1908-ஆம் வருஷத்திய பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி கட்டாயம் ரிஜிஸ்தராகவேண்டும். பதிவாகாத பத்திரத்தை வைத்துக்கொண்டு ‘மறுதாம்பும் என்னுடையது’ என்று நிரூபிக்க இயலாது. முதல் வெட்டு முடிந்ததும் பூமிக்காரர் பின்வாங்கும் தகராறுகளுக்கு இதுவே காரணம். மேலும், ஆலையில் கரும்பைப் பதிவுசெய்யும்பொழுது எவர் பெயரில் பதிவாகிறது, பணம் எவர் கணக்கில் வரும் என்பதையும் நடவுக்கு முன்னரே எழுதிக்கொள்ளவேண்டும்.

கோயில், மடம் முதலிய பொதுத் தர்மங்களின் நிலத்திற்கு 1961-ஆம் வருஷத்திய தனிச் சட்டமும், அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியும் உண்டு. வீட்டுக்கும் கடைக்கும் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்த வேறு சட்டம். கல்வராயன் மலையில் ஜாகீர் முறை 1976-இல்தான் ஒழிந்தது. அங்குப் பட்டா இன்மையே முதற்குறையாதலால், சமவெளிக்குச் சொன்னவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

கிராம நிர்வாக அதிகாரிக்கு

1980-இல் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் ஒழிந்து கிராம நிர்வாக அதிகாரி ஏற்பட்டபின், வயலில் யார் உழுகிறார் என்பதற்கு முதற்சாட்சி அவருடைய அடங்கலே. பயிராய்வுக்குச் செல்லும்பொழுது வயலில் கண்டதை எழுதவேண்டுமேயன்றி, பட்டாதார் வந்து சொன்னதை எழுதலாகாது. உழுபவர் பெயரை இவ்வருஷம் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ளும் பட்டாதாரின் வேண்டுகோள் பெரும்பாலும் பின்வாங்குதலின் முதற்படி.

1969-ஆம் வருஷத்திய குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி, குத்தகைதாரர் தம் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கும்படி ரிக்கார்டு ஆபீசரிடம் மனுச்செய்யலாம். பூமிக்காரர் ஆட்சேபித்தால் இருவரையும் விசாரித்து உத்தரவாகும். அதன்மேல் அப்பீலும் உண்டு. பதிவேட்டிலுள்ள விவரம், மாறாக நிரூபிக்கப்படும்வரை உண்மையென்றே கொள்ளப்படும். தகராறு முளைக்குமுன் செய்யவேண்டிய காரியம் இது. தகராறு வந்தபின் செய்தால் ஒவ்வொரு சாட்சியும் சந்தேகத்துக்குள்ளாகிறார்.

வருஷந்தோறும் பசலி முடிவில் தாலுகா ஆபீசில் நடைபெறும் ஜமாபந்தியில் இம்மனுக்களைக் கொடுக்கலாம். மனுவோடு அடங்கல் நகல், குத்தகை ரசீதுகள், விதை எரு வாங்கிய சீட்டுகள், கூட்டுறவுச் சங்கக் கடன் சீட்டு, நிலத்தின் நான்கெல்லை விவரம் இவற்றை இணைக்கவேண்டும். ரசீது கிடையாத வருஷங்களுக்கு அடுத்த வயல்காரர் இருவரின் எழுத்துமூலமான வாக்குமூலம் உதவும். மனுவைக் கொடுத்ததும் தேதியிட்ட பெறுகைச் சீட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். நீக்கப்பட்டவருடைய மனுவாயின், நீக்கப்பட்ட தேதியை மனுவின் முதல் பாராவிலேயே குறிப்பிடுதல் அவசியம். இரண்டு மாதக் கெடுவை அதிலிருந்தே எண்ணுவர்.